சக்கரத்துக்கு வைத்த பத்திரிகை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் தன் காரின் சக்கரத்தைக் கழற்றி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைப்பேசியைச் செங்கல்மேல் சாய்த்து வைத்திருந்தான். அதில் யாரோ ஒருவர் சொல்லச் சொல்ல இவன் செய்துகொண்டிருந்தான். கடையில் கொடுத்தால் கொள்ளைக் காசு கேட்கிறார்களாம், வீட்டிலேயே பெயிண்ட் அடித்துவிடலாமாம். டயரில் பெயிண்ட் படாமல் இருக்க, டயருக்கும் இரும்புக்கும் நடுவில் சுற்றிலும் சீட்டுக்கட்டைச் செருகிக்கொண்டு வந்தான். ராஜாவும் ராணியும் வரிசையாகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தியாம்மா, இன்னா ஐடியா!" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். என்ன காரணம் என்று அவனிடம் சொல்லத் தொடங்கினேன். கதையில் ஜாக்கி ஏற்றுகிற இடம் வரைக்கும் கேட்டான், அதற்குள் போன் வந்துவிட்டது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கதை கேட்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் கல்யாணப் பத்திரிகை வைப்பது என்றால் என்ன, அதில் எவ்வளவு வம்பு இருக்கிறது என்று தெரியும்.

எங்கள் ஊர் போளூரிலிருந்து மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. என் தாத்தா காலமான பிறகு அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கழனியைப் பிரித்தார்கள். கிணற்றை முறை வைத்துப் பிரித்தார்கள். கடைசியில் ஒரு ஜோடி உழவு மாடு மிஞ்சியது. ஆளுக்கு ஒன்று என்று முடிவானது. பேச்சுக்குத்தான் பிரிவு. உழவு வந்தால் இரண்டு மாடும் ஒரே ஏரில்தான் போகும். முதலில் பெரியப்பா கழனி, பிறகு எங்கள் கழனி. இப்படியே சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அப்பாவுக்குக் கார் ஆசை வந்தது. போளூரில் வயதான டாக்டர் ஒருவர் தன் பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டார். மலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், வாடகைக்கு ஓட்டினால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். யாரையும் கேட்கவில்லை. தன் பங்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றுவிட்டு, மறுவாரம் காரில் வந்து இறங்கினார். மாட்டை விற்ற காசு அந்தக் காரின் ஒரு கதவுக்குக்கூடக் காணாது. மீதி எங்கிருந்து வந்தது என்பது அம்மாவின் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்து நின்று, தெருவே கேட்கும்படி கத்தினார்.

"ஒத்த மாட்ட வெச்சிக்கினு நான் இன்னாடா பண்றது? இன்னொரு பக்கத்துக்கு உன் கார ஓட்டிக்கினு வந்து பூட்டுவியா?"

அப்பா காரைத் துடைத்துக்கொண்டே, "வாடகைக்கு மாடு புடிச்சிக்கலாம்ணா" என்றார். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

"துரு புடிச்ச சக்கரத்த வெச்சிக்கினு தொரையாட்டம் நிக்கிறான் பாரு. இந்த வண்டி நிக்கிற வாசல்ல இனிமே என் காலு படாது" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போய்விட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் அதற்கப்புறம் அவர் எங்கள் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். பஸ் ஏறுவதற்கு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார்.

இந்த நிலைமையில்தான் என் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை இந்த இரண்டு பேருக்கும் ஒரே தங்கை. மாப்பிள்ளை கணியம்பாடிப் பக்கம். தை கடைசியில் முகூர்த்தம், போளூரில் மண்டபம். அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் இல்லாததால், பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். பத்திரிகையிலும் அவர் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தோம்.

முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட்டு, அடுத்ததைப் பெரியப்பாவுக்கு வைக்கப் போனோம். அப்பா, அம்மா, அத்தை, நான் எல்லோரும் போனோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. தட்டை நீட்டியபோது கையும் நீட்டவில்லை.

"அங்க வெச்சிட்டுப் போங்க" என்று கட்டிலின் கால்மாட்டைக் காட்டினார்.

பெரியம்மா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டோம். பெரியப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அத்தை அப்பாவைப் பார்த்து, "சின்னண்ணா, பெரியண்ணன் வந்து தார வாத்தாத்தான் நான் மணையில உக்காருவேன். இல்லன்னா நீ வேற பொண்ணப் பாத்துக்கோ" என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் வேறு பெண் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது புரிந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அப்பாவும் அன்றைக்கெல்லாம் யோசித்தார். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டை விற்றதுதான் பெரியப்பாவுக்கு வலித்தது. இரண்டு தெரு நடந்து போய், 'உன்னக் கேக்காம பண்ணிட்டேண்ணா' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எங்கள் அப்பாவோ வேறு மாதிரி யோசித்தார். அண்ணன் கடைசியாக என்ன சொன்னார்? துரு பிடித்த சக்கரம் என்றார். அப்படியானால் குறை துருவில்தான் இருக்கிறது.

"சக்கரம் மட்டும் பளபளன்னு ஆயிடுச்சின்னு வெச்சிக்கோ, மாப்பிள்ள அழைப்புக்கு நம்ம வண்டியே போவும். அதப் பாத்தா அண்ணன் மனசு தானா எறங்கிடும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"உங்க அண்ணன் மனசு சக்கரத்துலயா இருக்குது?" என்று அம்மா கேட்டார். அப்பா காதில் வாங்கவில்லை.

வேலூரில் கொடுத்து அடித்து வரலாம்தான். அவர்கள் கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு அப்பா அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். போளூர்க் கடையில் சின்னதாக ஒரு டின் சில்வர் பெயிண்ட், அடிப்பூச்சுக்குக் கொஞ்சம் ரெட் ஆக்சைடு, ஒரு பிரஷ், நாலு உப்புத்தாள் வாங்கினார். மண்ணெண்ணெய் வீட்டிலேயே இருந்தது. அதுவும் ரேஷன் மண்ணெண்ணெய். அது குறையக் குறைய அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

நான்தான் கையாள். எனக்கு அப்போது அரைப் பரீட்சை முடிந்து, படிப்பில் நாட்டமில்லாத காலம். ஜாக்கி ஏற்றி, அடியில் கருங்கல்லை அடுக்கி, சக்கரத்தைக் கழற்றி வேப்பமரத்தடியில் போட்டோம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் துருவைத் தேய்த்தோம். தேங்காய் நாரில் செங்கல்பொடி தொட்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தோம். கையெல்லாம் காவி நிறமாகிவிட்டது. மண்ணெண்ணெயில் துடைத்து, வெயிலில் காயவைத்து, ரெட் ஆக்சைடு அடித்தோம். தை மாதத்துப் பனி மலையிலிருந்து இறங்கி பத்து மணி வரைக்கும் முற்றத்திலேயே கிடக்கும். அடித்தது காயவே காயாது. காய்ந்துவிட்டதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், என் விரல் அடையாளத்தின்மேல் அப்பா மறுபடி அடிப்பார். வீடு முழுக்க பெயிண்ட் வாசனை. சாம்பாரிலும் அதே வாசனை. அந்த மாதம் சாப்பிட்டதற்கெல்லாம் அதே ருசிதான்.

சில்வர் அடிக்கிற நாளில்தான் டயர் பிரச்சினை வந்தது. பிரஷ் கொஞ்சம் விலகினாலும் கறுப்பு டயரில் வெள்ளி ஒட்டிக்கொண்டது. அப்பா போளூர் லாரி ஷெட்டில் பார்த்திருக்கிறார், அங்கே டயருக்கும் இரும்புக்கும் நடுவில் பழைய காலண்டர் அட்டையைக் கிழித்துச் செருகுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு அட்டையும் இல்லை. எங்கள் வீட்டில் காலண்டர் என்பதே மளிகைக்கடைக்காரர் கொடுத்த ஒன்றுதான், அதிலும் சாமி படம் இருந்தது.

அப்பா உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து வந்தார். எல்லாம் அத்தையின் கல்யாணப் பத்திரிகைகள். நல்ல கெட்டி அட்டை, விறைப்பாக நின்றது.

"அப்பா, இது பத்திரிகையாச்சே?" என்றேன்.

"எல்லாருக்கும் வெச்சாச்சு. மிச்சம் இது. சும்மா பொட்டியில தூங்கிக்கினு இருக்குது, வேலக்கி ஆவட்டும்."

சுற்றிலும் செருகினோம். பிள்ளையார் படம் போட்ட பத்திரிகைகள் டயரைச் சுற்றி மாலை மாதிரி நின்றன. அப்பா பிரஷ்ஷைப் பிடித்து ஒரே சுற்றாகச் சுற்றினார். டயரில் பொட்டு வெள்ளி படவில்லை. அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தச் சக்கரம் முடிந்ததும் வேறு பத்திரிகைகள், அடுத்த சக்கரம் முடிந்ததும் வேறு பத்திரிகைகள். மூன்று சக்கரம் முடிந்தபோது கட்டும் முடிந்தது. பளபளவென்று மூன்றும் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றன. கொசு ஒன்று பெயிண்டில் ஒட்டிக்கொண்டதைக்கூட அப்பா குண்டூசியால் பக்குவமாக எடுத்தார்.

அப்போதுதான் அம்மா குளித்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாங்க, பொட்டியில இருந்த பத்திரிகையக் காணோம்? இன்னைக்கி நாள் நல்லா இருக்குது, கலசப்பாக்கம் போய் வெச்சிட்டு வந்துடலாம்னு பாத்தேன்."

அப்பா பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். "எல்லாருக்கும்தான் வெச்சாச்சே?"

"உங்க ஜனத்துக்கு வெச்சாச்சு. எங்க ஜனத்துக்கு?"

அம்மா பிறந்த ஊர் கலசப்பாக்கம். அங்கே என் மாமாவிலிருந்து தொடங்கி மொத்த உறவுக்கும் வைக்க வேண்டிய பத்திரிகைகள் வேப்பமரத்தடியில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பிறை போல ஒரு வெள்ளி வளைவு. அம்மா அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் அப்பா பிழைத்திருப்பார். "நல்லா செஞ்சீங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி அச்சடிக்க நாளும் இல்லை, அதற்கு வழியும் இல்லை. அத்தைதான் வந்து ஒரு பத்திரிகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணி, நல்லாத்தான இருக்குது? வேணும்னே போட்டாப்பலயே இருக்குது" என்றாள்.

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. வெளிர் மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார், கீழே மினுமினுக்கிற வெள்ளிக் கரை. மண்ணெண்ணெய் வாசனை போவதற்காக ஒரு நாள் முழுக்கக் கொடியில் தொங்கவிட்டோம். சாம்பிராணிப் புகை காட்டினோம். பிறகு மூலைகளில் மஞ்சள் தடவி, உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

கலசப்பாக்கத்தில் மாமா பத்திரிகையை உறையிலிருந்து எடுத்தார்.

மாமா தடவிப் பார்த்தார். "இன்னா மச்சான், வெள்ளி வெச்சா அடிச்சிருக்கீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தில் செருகிய பத்திரிகையைக் கொண்டுவந்து வைத்தோம் என்று பெண் கொடுத்த வீட்டில் சொல்ல முடியுமா?

"ஏதோ... எங்களால முடிஞ்சது" என்றார் அப்பா.

அவ்வளவுதான். பெண் கொடுத்த வீட்டுக்கு வெள்ளி வைத்துப் பத்திரிகை அடித்த சம்பந்தி என்று கலசப்பாக்கம் முழுக்கப் பேச்சு. மாமா அதைத் தன் அரிசி மண்டியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி செருகி வைத்தார். வருகிறவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கோபம் பாதி போய்விட்டது. வீட்டுக்கு வரும்போது காருக்குப் பதிலாகப் பஸ்ஸில் வந்தோம், கார் கல்மேல் நின்றுகொண்டிருந்ததால். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, வரப்பில் போகிறவர்களைப் பார்த்துக்கூடச் சிரித்துக்கொண்டு வந்தார்.

வம்பு எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் வழியாக வந்தது. அவர் அரிசி வாங்க என் மாமா மண்டிக்குப் போயிருக்கிறார். அங்கே வெள்ளிக் கரை போட்ட பத்திரிகையைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் தன் வீட்டில் உட்காரக்கூட இல்லை, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நாங்கள் வைத்த வெறும் பத்திரிகை.

"இன்னாப்பா, நாங்க வேத்து மனுசங்களா? பொண்டாட்டி வூட்டுக்காரங்களுக்கு மட்டும் வெள்ளியா?"

அப்பா எதையோ சொல்லி மழுப்பப் பார்த்தார். மளிகைக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். எங்கள் வீட்டு எண்ணெயும் பருப்பும் கல்யாணச் சாமானும் அவர் கடையிலிருந்துதான் வர வேண்டும். அப்பா அவர் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினார். உள்ளே போய், அடியில் ஒரு வளைவு சில்வர் அடித்து, ஊதிக்கொண்டே வந்து கொடுத்தார்.

"உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தேன், மாறிப்போச்சி" என்றார்.

அதைச் செய்திருக்கவே கூடாது. மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஊரே நின்றது. ஆளுக்கொரு பத்திரிகை. முடிவெட்டுகிறவர், தபால்காரர், எங்கள் வகையில் தூரத்துப் பெரியம்மா ஒருத்தர், என் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வந்து நின்றதும் நான் கிணற்றுக்குப் பின்னால் போய்விட்டேன். "பொட்டி மாறிப்போச்சி, மாறிப்போச்சி" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே பிரஷ்ஷைத் தோய்த்தார். எல்லாப் பத்திரிகையும் எப்படி மாறிப்போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வெள்ளி வேண்டும், அவ்வளவுதான். துணி காயப்போடுகிற கொடியில் பத்திரிகைகள் வரிசையாகத் தொங்கின. அத்தை அதற்குக் கீழே நின்று, யாருடையது எது என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் கையால் வாங்கினால் இன்னும் விசேஷம் என்று ஒருவர் சொல்லிவைக்க, எல்லோரும் அவள் கையாலேயே கேட்டார்கள். தபால்காரர் மட்டும் வளைவு கோணலாக இருக்கிறது என்று இன்னொரு கோட் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் டின் காலி. நாலாவது சக்கரம் ரெட் ஆக்சைடோடு மரத்தடியில் கிடந்தது. அப்பா சைக்கிளில் போளூர் போய்வந்தார். கடையில் சில்வர் தீர்ந்துவிட்டது, வேலூரிலிருந்து சரக்கு வர கல்யாணம் தாண்டிவிடும் என்றார்களாம். அப்பா காலி டின்னைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் தெருவில் நடந்து வருகிறவரைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்பா, பெரியப்பா வர்றாரு!"

பெரியப்பாதான். எங்கள் தெரு வழியாக, எங்கள் வீட்டைப் பார்த்து, நேராக வந்தார். தோளில் துண்டு, கையில் நாங்கள் கட்டில் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்த பத்திரிகை. கார் நிற்கிற வாசலில் கால் வைத்தார். வைத்ததை அவரே கவனிக்கவில்லை, அவ்வளவு கோபம். சமையலறையிலிருந்து அம்மா வந்தார். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்பட்டனுக்கு வெள்ளி, தபால்காரனுக்கு வெள்ளி, உன் பொண்டாட்டியோட ஊரு மொத்தத்துக்கும் வெள்ளி. கூடப் பொறந்தவனுக்கு வெறுங் காயிதமா?"

"அண்ணா, வாங்கண்ணா, உக்காருங்க..."

"உக்கார வர்ல. கேக்க வந்தேன். எம்பேரத்தான மொதல்ல போட்டிருக்கற? பேரு போட்டவனுக்கு மொதல்ல வெள்ளி வெக்கணுமா, வேணாமா?"

அப்பா அவசரமாகப் பிரஷ்ஷை டின்னுக்குள் விட்டுச் சுரண்டினார். கரகரவென்று சத்தம்தான் வந்தது. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு சொட்டு இல்லை. ஊருக்கெல்லாம் வெள்ளி அடித்துவிட்டு அண்ணனுக்கு இல்லாமல் போய்விட்டது. அப்பாவின் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வதற்குக்கூட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"அண்ணா, அது வெள்ளி இல்லண்ணா. கார் சக்கரத்துக்கு அடிக்கிற பெயிண்ட்டு. நீ துரு துருன்னு சொன்னியேன்னு சக்கரத்துக்கு அடிச்சேன். அட்ட கெடைக்கல. பத்திரிகைய எடுத்துச் சக்கரத்துல சொருவிட்டேன்."

பெரியப்பா டின்னை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி கல்யாணப் பத்திரிகையவா?"

"ஆமாண்ணா."

"கலசப்பாக்கத்துல மண்டியில சாமி படத்தாண்ட மாட்டி வெச்சிருக்கானே, அது சக்கரத்துல இருந்து வந்ததா?"

"ஆமாண்ணா. அத வெளிய சொல்ல முடியாமத்தான் ஊரு மொத்தத்துக்கும் அடிச்சேன். உனக்குக் குடுத்தது மட்டுந்தான் பெயிண்ட்டு படாதது. உன்ன ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் எதையும் செஞ்சிருக்கணும். மாட்ட விக்கும்போதே கேட்டிருக்கணும்."

மாட்டைப் பற்றி அப்பா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பெரியப்பா தன் கையிலிருந்த பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மீசை துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அத்தைக்கு அது முதலில் தெரிந்துவிட்டது, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் பெரியப்பா சிரித்துவிடவில்லை. பத்திரிகையை மடியில் செருகிக்கொண்டார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அந்தச் சக்கரம் இன்னாத்துக்கு இப்டி கெடக்குது?"

"பெயிண்ட்டு தீந்துபோச்சிண்ணா."

பெரியப்பா அப்படியே தெருவில் இறங்கிப் போய்விட்டார். அத்தை கதவோரமே உட்கார்ந்துவிட்டாள். வந்தவரை இவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிட்டீர்களே என்று அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேச்சு முடிவதற்குள் பெரியப்பா திரும்பி வந்தார். கையில் ஒரு சின்ன டின். மாட்டுப் பொங்கலுக்கு அந்த ஒற்றை மாட்டின் கொம்புக்கு அடித்துவிட்டு மீந்த நீலப் பெயிண்ட்.

சக்கரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் அட்டை தேடப் போனேன்.

"ஒன்னும் வேணாம் வா. மாடு தலைய ஆட்டிக்கினே இருக்கும், அதுலயே அடிச்சவன் நானு. இது சும்மாத்தான கெடக்குது?" என்றார்.

டயரில் ஒரு பொட்டு படாமல் சுற்றிலும் நீலம் அடித்தார். வெள்ளியும் நீலமும் பொருந்தாதே என்று அப்பா வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். முடித்ததும் பெரியப்பா மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அத்தை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

"கல்யாணத்துக்கு வந்துடுவ இல்ல, பெரியண்ணா?"

"பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியுமே, நம் வீட்டு ஆண்களின் 'பாக்கலாம்' எந்தப் பக்கமும் சாயும். அத்தை அன்றைக்குச் சாப்பிட்டாள், ஆனால் பாதிதான்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை, போளூர்ப் பிள்ளையார் கோயில் முன்னால் எங்கள் கார் நின்றது. மூன்று சக்கரம் வெள்ளி, முன்பக்கம் இடது சக்கரம் மட்டும் மாட்டுக் கொம்பு நீலம். பூ அலங்காரம் எல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. மேளக்காரர்கள் தயார். மண்டபம் அடுத்த தெருவில். அத்தை மண்டபத்து மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பெரியம்மா அன்று மதியமே மண்டபத்துக்கு வந்துவிட்டார். கேட்டதற்கு, "அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தாரு. வர்றேன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல" என்றாராம்.

கணியம்பாடிக்காரர்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா காரைச் சுற்றி வந்தார். எல்லாக் கல்யாணத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். நீலச் சக்கரத்துக்கு முன்னால் நின்று தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னா சம்பந்தி, பெயிண்ட்டு பத்தலியா? யார் வண்டி இது? இதுலயா எங்க புள்ளைய உக்கார வெப்பீங்க?"

சிரித்தார்கள். அப்பா, என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டிங் ராடைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். எனக்கு அழுகையாக வந்தது. அவர் அந்தக் காருக்காக எல்லாவற்றையும் கொடுத்திருந்தார், கடைசியில் இப்படி நடுத்தெருவில் நிற்கிறாரே என்று இருந்தது.

"எங்க வூட்டு வண்டி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பெரியப்பா. வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கசங்கல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மூணு சக்கரம் எந்தம்பி அடிச்சது. இது ஒன்னு நான் அடிச்சது. எங்க வூட்ல எதுவானாலும் ரெண்டு பேரும் சேந்துதான் செய்வோம். அதுல உங்குளுக்கு இன்னா வந்துது? மாப்பிள்ளைய ஏறச் சொல்லுங்க, நேரமாவுது."

சித்தப்பா சக்கரத்தை விட்டு நகர்ந்துகொண்டார். மாப்பிள்ளை ஏறிக்கொண்டார். அப்பா ராடைச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. பெரியப்பா முன்கதவைத் திறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தார். நான் போய்த் திறந்துவிட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி, துண்டைத் தொடையில் விரித்துக்கொண்டு, விறைப்பாக உட்கார்ந்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கியரைப் போட்டார். அதைப் பெரியப்பா பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

மேளம் முழங்க மண்டபத்து வாசலில் கார் வந்து நின்றது. முன்கதவு திறந்து முதலில் இறங்கியவர் பெரியப்பா. மாடி ஜன்னலில் அத்தை அவரைப் பார்த்தாள். பின்கதவு திறந்தது, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை இறங்கினார், பூத்தூவினார்கள், ஆரத்தி எடுத்தார்கள். அத்தை அதில் எதையும் பார்க்கவில்லை. பெரியண்ணன் படியேறி உள்ளே வருகிற வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். "நான் வந்து எறங்குனத உங்க அத்த பாக்கவே இல்ல" என்று அத்தை வீட்டு மாமா இன்றைக்கும் யார் வந்தாலும் குறை சொல்வார். அத்தையும் இன்றைக்கு வரைக்கும், பார்த்தேன் என்று ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.